'திருப்பிக் கொடு' என்பதை ஆங்கிலத்தில் எங்கே, எப்படிச் சொல்வது? 'கிவ் பேக்' முதல் 'ரீஇம்பர்ஸ்' வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். பிரிட்டனில் வளர்ந்து எங்கள் சென்னை அலுவலகத்துக்கு வந்திருந்த சீனியர் ஒருவர், என் லேப்டாப் சார்ஜரை வாங்கிக்கொண்டு மீட்டிங் அறைக்குப் போய்விட்டார். என் மெஷினில் சார்ஜ் 6 சதவீதம். அலுவலகச் சாட்டில் தட்டினேன்: "ப்ளீஸ் கிவ் பேக் மை சார்ஜர்." 'ப்ளீஸ்' போட்டாயிற்று, இலக்கணமும் சரி, இதற்குமேல் என்ன மரியாதை வேண்டும் என்று நினைத்தேன்.

ஐந்து நிமிடத்தில் சார்ஜர் மேசைக்கு வந்தது. கொண்டு வந்து வைத்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தினமும் சாப்பிடக் கூப்பிடுகிறவர் அன்றைக்குக் கூப்பிடவும் இல்லை. சாயங்காலம் இன்னொரு நண்பர் வந்து சொன்னார்: "அவரு உன் பொருளை அமுக்கி வெச்சுக்கிட்ட மாதிரி கேட்டிருக்கியாம்."

என் மனதில் ஓடிய வாக்கியம் "சார், அந்த சார்ஜரைத் திருப்பிக் குடுங்க" என்பதுதான். அதில் 'சார்' இருக்கிறது, 'ங்க' இருக்கிறது. நம் மொழியில் மரியாதை முழுவதையும் அந்த 'ங்க' ஒன்றே தாங்கிவிடும். ஆங்கில வினைச்சொல்லில் 'ங்க' கிடையாது. அங்கே மரியாதை நாம் எந்தச் சொல்லை எடுக்கிறோம், யாரை எழுவாயாக வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. இது புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ் எழுத்தில் 'பேக்' என்று எழுதினால், திரும்ப என்ற பொருள் தரும் சொல்லும் தோளில் மாட்டும் பையும் ஒன்றாகவே தெரியும். இந்தக் கட்டுரையில் வரும் 'பேக்' எல்லாம் திரும்ப என்ற பொருள் தருவதே. கடைசி 'க்' என்பதை 'பாக்கு' என்பதில் வருவதுபோல அழுத்தி முடியுங்கள். 'தங்கம்' என்பதில் வரும் மெல்லிய ஒலியாகச் சொன்னால் பையாகிவிடும். நடுவில் உள்ள உயிரொலியும் நம் 'ஏ' அல்ல, 'பேங்க்' என்று சொல்லும்போது வாய் அகலுமே, அந்த ஒலி.

முதல் படி: வாக்கியத்தை அடுக்குவது

'கிவ் பேக்' இரண்டு துண்டு. நடுவில் பொருளை நுழைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம். "கிவ் தி பென் பேக்", "கிவ் பேக் தி பென்" இரண்டும் சரி. ஆனால் பொருளின் பெயருக்குப் பதிலாக 'இட்', 'தெம்' போன்ற சுட்டுப்பெயர் வந்தால் அது நடுவில்தான் உட்கார வேண்டும். "கிவ் இட் பேக்" சரி. "கிவ் பேக் இட்" என்று ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் யாரும் சொல்ல மாட்டார்.

யாரிடம் கொடுப்பது என்பதையும் சேர்க்க வேண்டுமானால் மூன்று வழி: "கிவ் மீ பேக் மை பென்", "கிவ் மீ மை பென் பேக்", "கிவ் மை பென் பேக் டு மீ". நடுவில் உள்ளதுதான் பேச்சில் நாக்குக்கு எளிதாக வரும். பொருளைச் சொல்லும் பகுதி நீளமாக இருந்தால், உதாரணமாக 'போன வருஷம் எங்களிடமிருந்து வாங்கிய எல்லாவற்றையும்' என்று வந்தால், 'கிவ் பேக்' என்பதைப் பிரிக்காமல் முன்னால் சொல்லிவிட்டு அந்த நீளத்தைப் பின்னால் விடுங்கள்.

இப்படிப் பிரித்துச் சொல்வது நமக்குப் புதிதல்ல. "திருப்பி அவன்கிட்டயே குடு" என்கிறோம். 'திருப்பி' ஒரு பக்கம், 'குடு' ஒரு பக்கம், நடுவில் ஆள்.

உச்சரிக்கும்போது அழுத்தம் 'பேக்' மேல் விழ வேண்டும். நம்மில் பலர் 'கிவ்' மேல் அழுத்திவிட்டு 'பேக்' என்பதை விழுங்கிவிடுகிறோம். கேட்பவர் காதில் 'கொடு' மட்டும் விழும், 'திருப்பி' போய்விடும்.

இரண்டாம் படி: எந்தத் திசையில் போகிறது?

பொருள் என்னை நோக்கி வருகிறதா, என்னை விட்டுப் போகிறதா என்று ஆங்கிலம் பார்க்கிறது. வந்தால் 'பிரிங் பேக்', போனால் 'டேக் பேக்'. மாணவர்கள் பலர் இதில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். தமிழர் தடுமாற வேண்டிய இடமே இல்லை இது.

தொல்காப்பியச் சொல்லதிகாரம் இதே கேள்வியை எடுத்துப் பேசுகிறது. 'தா', 'வா' இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, 'கொடு', 'செல்' இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்கிறது. இன்றைக்கும் "எனக்குத் தா", "உனக்குத் தருகிறேன்" என்கிறோம், "அவனுக்குக் கொடு" என்கிறோம். "அவனுக்குத் தா" என்றால் காது கொஞ்சம் இடறும். திசையைப் பார்த்துச் சொல்லை எடுக்கும் பழக்கம் நம் மொழிக்குள்ளேயே இருக்கிறது. கொண்டு வா என்றால் 'பிரிங்', கொண்டு போ என்றால் 'டேக்', அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த டிபன் பாக்ஸ் உங்கள் வீட்டில் இருக்கிறது. பையனிடம் "இதை அக்காகிட்ட கொண்டுபோய்க் குடுத்துட்டு வா" என்கிறீர்கள். ஆங்கிலத்தில் "டேக் திஸ் பேக் டு அக்கா." பையன் பள்ளிக்கூடத்திலேயே டிபன் பாக்ஸை விட்டுவிட்டு வந்தால், "நாளைக்கு மறக்காம எடுத்துட்டு வா": "பிரிங் இட் பேக் டுமாரோ."

'டேக் பேக்' என்பதற்கு இன்னொரு முகமும் உண்டு. மிக்ஸி ஓடவில்லை, கடைக்குக் கொண்டுபோகிறீர்கள்: "ஐ டுக் இட் பேக் டு தி ஷாப்." கடைக்காரர் பேசாமல் வாங்கிக்கொண்டார்: "தே டுக் இட் பேக்." கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் ஒரே சொல். சொன்ன சொல்லை வாபஸ் வாங்குவதற்கும் இதுவே: "ஐ டேக் இட் பேக்."

கூரியரில் அனுப்பினால் 'சென்ட் பேக்'. ஹோட்டலில் ஆறிப்போன தோசையைத் திருப்பி அனுப்புவதும் 'சென்ட் பேக்'தான். எடுத்த இடத்தில் வைப்பது 'புட் பேக்'. இங்கே கவனம் வேண்டும். 'வை' என்ற சொல்லுக்கு நம் பேச்சு ஆங்கிலத்தில் 'கீப்' என்று போடும் பழக்கம் இருப்பதால், "கீப் இட் பேக்" என்று சொல்லிவிடுகிறோம். அதற்குப் பொருள் கொடுக்காமல் தன்னிடமே நிறுத்தி வைத்துக்கொள்வது. நேர் எதிர்! அலமாரியில் புத்தகத்தைத் திரும்ப வைக்கச் சொல்ல வேண்டுமானால் "புட் இட் பேக் ஆன் தி ஷெல்ஃப்".

மூன்றாம் படி: திரும்பிப் போவது பொருளா, பணமா?

கையில் இருப்பதைக் கையில் கொடுப்பது 'ஹேண்ட் பேக்'. ஆசிரியர் திருத்திய விடைத்தாளை ஒவ்வொருவருக்கும் கொடுப்பது, கவுன்டரில் ஆதாரைப் பார்த்துவிட்டு நீட்டுவது எல்லாம் இதில் அடங்கும். வேலையை விட்டுப் போகும் கடைசி நாளில் அடையாள அட்டையை ஒப்படைப்பது 'ஹேண்ட் இன்', அமெரிக்கரானால் 'டர்ன் இன்'. தெருவில் கிடந்த பர்ஸை போலீஸ் ஸ்டேஷனில் கொடுப்பதற்கும் இதுவே பொருந்தும். அது உங்களுடையதல்ல, உரியவரும் எதிரில் இல்லை, பொறுப்பான ஒருவரிடம் ஒப்படைக்கிறீர்கள். 'சரண்டர்' என்பதை பாஸ்போர்ட், உரிமம் மாதிரி அரசு கொடுத்த ஆவணங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பணம் என்று வந்தால் சொற்கள் பிரிந்துவிடுகின்றன. ஒவ்வொன்றும் வேறு வேறு உறவைச் சொல்கிறது. நண்பரிடம் வாங்கிய கைமாத்து 'பே பேக்': "ஐ வில் பே யூ பேக் ஆன் மண்டே." வங்கிக் கடன் 'ரீபே'. கடைக்காரரோ கல்லூரியோ நீங்கள் கட்டிய பணத்தைத் தருவது 'ரீஃபண்ட்'. இந்தச் சொல்லில் கொடுப்பவர் எப்போதும் முதலில் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டவரே. "ஐ ரீஃபண்டட் தி ஷர்ட்" என்று வாங்கியவர் சொல்ல முடியாது. சட்டையை நீங்கள் 'ரிட்டர்ன்' செய்கிறீர்கள், பணத்தை அவர்கள் 'ரீஃபண்ட்' செய்கிறார்கள்.

அலுவலக வேலைக்காக உங்கள் பையிலிருந்து ஆட்டோவுக்குக் கொடுத்தீர்கள், மாதக் கடைசியில் அலுவலகம் அதைத் தருகிறது என்றால் அது 'ரீஇம்பர்ஸ்'. இந்தச் சொல்லின் வயிற்றில் 'பர்ஸ்' இருக்கிறது. இரண்டுமே பணப்பை என்ற பொருள் உள்ள பழைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. பணப்பையில் திரும்பப் போடுவது என்று நினைத்துக்கொண்டால் பிறகு குழப்பமே வராது.

சட்டமும் இந்தச் சொற்களைப் பார்த்துத்தான் எழுதப்படுகிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளை 'டேக் பேக்' செய்ய மறுப்பதையும் பணத்தை 'ரீஃபண்ட்' செய்ய மறுப்பதையும் முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. ரசீதில் கால அளவு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் செய்ய வேண்டும். கடைச் சுவரில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று எழுதி மாட்டியிருந்தாலும், பொருளில் குறை இருந்தால் நீங்கள் கேட்கலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட அறிவிக்கையும் இப்படித்தான். கல்விக் கட்டணத்துக்கு 'ரீஃபண்ட்' என்கிறது, அசல் சான்றிதழ்களை நிறுத்தி வைக்கக் கூடாது என்பதற்கு 'நான்-ரிடென்ஷன்' என்ற சொல்லைப் போடுகிறது. இப்படிப்பட்ட இடங்களுக்குக் கடிதம் எழுதும்போது அவர்களுடைய சொல்லையே எடுத்து எழுதினால் மறுப்பது அவர்களுக்குக் கஷ்டம்.

பேருந்தில் ஒரு காட்சி. 18 ரூபாய் டிக்கெட்டுக்கு 50 ரூபாய்த் தாளை நீட்டுகிறீர்கள். கண்டக்டரிடம் சில்லறை இல்லை. டிக்கெட்டின் பின்பக்கம் பேனாவால் 32 என்று கிறுக்கித் தருகிறார். இறங்கும் இடம் நெருங்க நெருங்க அந்தத் துண்டுச்சீட்டை விரலில் சுருட்டிக்கொண்டே நிற்கிறோம். "பேலன்ஸ் குடுங்க சார்" என்போம். இதை வெளிநாட்டில் ஒரு கடையில் "கிவ் பேக் மை பேலன்ஸ்" என்று சொன்னால் விளங்காது. அங்கே 'பேலன்ஸ்' என்பது கணக்கில் மிச்சமிருக்கும் தொகை. நாம் கேட்பது 'சேஞ்ச்': "குட் ஐ ஹேவ் மை சேஞ்ச், ப்ளீஸ்?" வீட்டு வாடகை அட்வான்ஸும் இதே மாதிரி. காலி செய்யும்போது திரும்ப வரவேண்டிய அந்தத் தொகைக்கு அவர்கள் சொல்வது 'டெபாசிட்'. 'அட்வான்ஸ்' என்றால் முன்கூட்டியே கொடுத்துவிட்ட பணம், அது திரும்பி வரும் என்று அவர்கள் நினைக்க மாட்டார்கள்.

நான்காம் படி: கேட்கும் விதம்

மற்ற படிகள் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

"கிவ் இட் பேக்!" என்பது சின்னப் பிள்ளைகள் பொம்மைக்குச் சண்டை போடும்போது வருவது. பறித்துக்கொண்டவனிடம் சொல்வது. 'யூ' என்ற எழுவாய் மறைந்து நின்று 'நீ வைத்திருக்கிறாய், நீ கொடு' என்று விரல் நீட்டுகிறது. முன்னால் 'ப்ளீஸ்' போட்டாலும் அந்த விரல் மடங்குவதில்லை.

ஆங்கிலம் பேசுபவர்கள் இந்த இடத்தில் எழுவாயை மாற்றிவிடுகிறார்கள். நீ கொடு என்பதை விட்டுவிட்டு 'எனக்குக் கிடைக்குமா' என்கிறார்கள். நண்பரிடம் "கேன் ஐ ஹேவ் மை சார்ஜர் பேக்?" மேலதிகாரியிடம் "குட் ஐ கெட் மை சார்ஜர் பேக் வென் யூ ஆர் டன் வித் இட்?" அதாவது உங்கள் வேலை முடிந்த பிறகு போதும். இதைவிட மெல்லிய வழியும் உண்டு: "ஆர் யூ டன் வித் தி சார்ஜர்?" திருப்பிக் கொடு என்ற பேச்சே இல்லை. வேலை முடிந்ததா என்று மட்டும் கேட்கிறோம்.

யோசித்துப் பாருங்கள், நாமும் இதைத்தானே செய்கிறோம்? இட்லித் தட்டு பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு வாரமாகிவிட்டது. அம்மா போய் "என் தட்டைத் திருப்பிக் குடுங்க" என்றா கேட்பார்? "அக்கா, அந்த இட்லித் தட்டு உங்ககிட்டயா இருக்கு? எங்க வெச்சேன்னே தெரியலை" என்பார். தட்டு எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அக்காவுக்கும் சங்கடம் இல்லை, "அய்யோ, மறந்தே போச்சு" என்று அதில் நாலு முறுக்கை வைத்து நீட்டுவார், வெறும் பாத்திரத்தை அனுப்புகிற வழக்கம் நம்மிடம் இல்லை. நம் வீட்டுப் பெண்களிடம் இருக்கும் இந்த நாசூக்கை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகலாம்: "டூ யூ ஹாப்பன் டு ஹேவ் மை பிளேட்?" இயல்பான, நல்ல ஆங்கிலம் இது. நாம் செய்யும் தவறு தமிழில் யோசிப்பதல்ல. தமிழின் வினைச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போய், தமிழின் நாசூக்கை வீட்டிலேயே விட்டுவிடுகிறோம்.

கடிதத்தில் சுட்டிக்காட்ட வேண்டும், ஆனால் பதமாக இருக்க வேண்டும் என்றால் 'ரிட்டர்ன்' என்பதற்குப் போங்கள், நாளையும் சொல்லுங்கள். "ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் ரிட்டர்ன் மை ஒரிஜினல் சர்டிஃபிகேட்ஸ் பை ஃப்ரைடே." இரண்டு முறை எழுதியும் பதில் இல்லையென்றால் 'குட்' என்பதை எடுத்துவிட்டு "ப்ளீஸ் ரிட்டர்ன்" என்று எழுதலாம். அதற்கும் அசையாதவர்களுக்கு 'கிவ் பேக்' இருக்கிறது. அப்போது அந்த விரல் நீட்டத்தான் வேண்டும்.

ஐந்தாம் படி: 'ரிட்டர்ன்' என்ற சொல்லின் வளைவுகள்

'கிவ்' ஆங்கிலத்தின் பழைய வீட்டுச் சொல். 'ரிட்டர்ன்' பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது, 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு வந்த சொற்கூட்டத்தில் ஒன்று. அதனால்தான் அதற்கு இன்றும் ஒரு அலுவலக வாடை. நூலகம், நீதிமன்றம், கடை ரசீது எல்லாவற்றிலும் 'ரிட்டர்ன்'. சாப்பாட்டு மேசையில் 'கிவ் பேக்'.

அந்த வேறுபாடு இலக்கணத்திலும் தெரியும். "கிவ் மீ தி புக்" என்று ஆளையும் பொருளையும் அடுத்தடுத்து அடுக்கலாம். "ரிட்டர்ன் மீ தி புக்" என்று அடுக்கினால் ஒட்டாது, "ரிட்டர்ன் தி புக் டு மீ" என்றே வர வேண்டும். பிரெஞ்சு, லத்தீன் வழி வந்த வினைகள் பெரும்பாலும் இப்படி 'டு' கேட்கும். "எக்ஸ்ப்ளெயின் மீ" தவறாவதும் இதனால்தான்.

"ரிட்டர்ன் பேக்" வேண்டாம். 'ரிட்டர்ன்' என்பதிலேயே திரும்ப என்பது இருக்கிறது. நடுச்சென்டர் என்பது போன்றது அது. இன்னொன்று: 'திரும்பு', 'திருப்பு' என்று தமிழில் ஒரு ஒற்று வேறுபாட்டில் பிரித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். "ஐ ரிட்டர்ன்ட் யெஸ்டர்டே" என்றால் நான் திரும்பி வந்தேன். "ஐ ரிட்டர்ன்ட் இட் யெஸ்டர்டே" என்றால் திருப்பிக் கொடுத்தேன். ஒரு சின்ன 'இட்' விட்டுப்போனால் பொருள் மாறிவிடும்.

வங்கியில் 'செக் ரிட்டர்ன்' ஆவதைப் பேச்சில் 'பவுன்ஸ்' என்பார்கள். வருமான வரி 'ரிட்டர்ன்' திருப்பிக் கொடுப்பதே அல்ல, அரசுக்குத் தரும் கணக்கு அறிக்கை. கூடுதலாகக் கட்டியது திரும்பி வந்தால் அது 'ரீஃபண்ட்'. பிறந்தநாளுக்குச் சொல்லும் 'மெனி ஹாப்பி ரிட்டர்ன்ஸ்' இந்த நாள் பல முறை திரும்பி வரட்டும் என்ற வாழ்த்து. பிறந்தநாள் விழாவில் குழந்தைகளுக்குக் கொடுத்தனுப்பும் 'ரிட்டர்ன் கிஃப்ட்' நம் நாட்டுச் சொல். பிரிட்டனில் 'பார்ட்டி பேக்' என்பார்கள் (இந்த 'பேக்' பைதான்), அமெரிக்காவில் 'பார்ட்டி ஃபேவர்'. வெளிநாட்டுத் தோழியிடம் 'ரிட்டர்ன் கிஃப்ட்' என்றால், அவர் தந்த பரிசையே திருப்பிக் கொடுக்கப் போகிறீர்களோ என்று முகம் வாடலாம்.

'ரிவர்ட்' என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "ப்ளீஸ் ரிவர்ட்" என்றால் பதில் போடுங்கள் என்று இந்திய அலுவலகங்களில் எல்லோருக்கும் புரியும். வெளியே அதற்குப் பொருள் பழைய நிலைக்குத் திரும்புவது. "ப்ளீஸ் கெட் பேக் டு மீ" என்றால் எங்கும் செல்லும்.

ஆறாம் படி: 'திருப்பி' எல்லாமே 'பேக்' அல்ல

"திருப்பிச் சொல்லு" என்றால் மறுபடி சொல்லு. அங்கே 'அகெயின்' வர வேண்டும், 'பேக்' கூடாது. "திருப்பிக் கேட்டேன்" என்பது மறுபடி கேட்டதாகவும் இருக்கலாம், கொடுத்ததைத் திரும்பக் கேட்டதாகவும் இருக்கலாம். தமிழில் சூழல் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் சொல்லும் முன் நீங்களே முடிவு செய்ய வேண்டும்: "ஐ ஆஸ்க்ட் அகெயின்" அல்லது "ஐ ஆஸ்க்ட் ஃபார் இட் பேக்". "திருப்பிக் கூப்பிடுறேன்" என்பது "ஐ வில் கால் யூ பேக்". பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசுவது 'டாக் பேக்', இங்கே எதையும் யாரும் கொடுக்கவில்லை.

ஏழாம் படி: மொய்யும் நன்றிக்கடனும்

எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் வாசலுக்கு உள்ளே ஒரு மேசை. அதில் நீளமான நோட்டு, பக்கத்தில் பணப்பை, எழுதுவதற்குக் கையெழுத்து நன்றாக உள்ள ஒருவர். ஊர்ப் பெயர், ஆள் பெயர், தொகை 501 அல்லது 1001, அந்த ஒரு ரூபாய் தவறாது. அவர்கள் வீட்டில் விசேஷம் வரும்போது இந்த நோட்டைப் பிரித்து, என்ன வந்திருக்கிறது என்று பார்த்து, அதற்குக் குறையாமல் செய்கிறோம். இதை "திருப்பிச் செய்யணும்" என்கிறோம்.

இதை ஆங்கிலத்தில் "வீ ஹேவ் டு கிவ் பேக் தி கிஃப்ட்" என்று சொன்னால், பரிசை வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதாகிவிடும். அது அவமானம். சரியான சொல் 'ரெசிப்ரொகேட்': அவர் செய்ததுபோல நாமும் செய்வது. எளிமையாக வேண்டுமானால் 'ரிட்டர்ன் தி ஃபேவர்'. 'பேபேக்' என்று ஒட்டிப் பெயர்ச்சொல்லாகச் சொல்லிவிடாதீர்கள், பேச்சில் அது பழி வாங்குவதைக் குறிக்கும்.

திருக்குறளின் 221-ஆம் குறளில் 'குறியெதிர்ப்பை' என்று ஒரு சொல் வருகிறது. அளந்து வாங்கியதை அதே அளவில் திருப்பிக் கொடுப்பது. பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி வாங்கி, ரேஷன் வந்ததும் அதே படியால் அளந்து கொடுப்பது. ஏழைக்குக் கொடுப்பதே ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பைதான் என்கிறார் வள்ளுவர். இதற்கு ஈடாக ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் எனக்குக் கிடைத்ததில்லை. மூன்று நான்கு சொல் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் 'கிவ் பேக்' என்பதே ஒரு புதுப்பொருள் எடுத்திருக்கிறது. "ஷி வான்ட்ஸ் டு கிவ் பேக்." எதை, யாருக்கு என்று எதுவும் இல்லை. படித்த பள்ளிக்கு, பிறந்த ஊருக்கு, ஆளாக்கிய சமூகத்துக்கு ஏதாவது செய்ய ஆசைப்படுகிறாள் என்று பொருள். இதைத் தமிழில் 'சமூகத்துக்குத் திருப்பிக் கொடுத்தல்' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை, கடைக்குப் போய்ச் சட்டையைக் கொடுத்துவிட்டு வருவதுபோல இருக்கிறது. நமக்கு 'நன்றிக்கடன்' என்று நல்ல சொல் இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்? "ஊருக்கு நன்றிக்கடன் செலுத்த நினைக்கிறாள்" என்றால் எல்லோருக்கும் புரியும்.

எட்டாம் படி: செய்தியில் எந்தச் சொல் வருகிறது என்று பாருங்கள்

சொல்லைத் தேர்ந்தெடுப்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதையும் இந்தச் சொற்கள் காட்டிக்கொடுக்கும். 1997 ஜூலை 1 அன்று ஹாங்காங் சீனாவிடம் போனது. பிரிட்டன் அதை 'ஹேண்டோவர்', அதாவது ஒப்படைப்பு என்றது. சீனா 'ரிட்டர்ன்', அதாவது திரும்புதல் என்றது. ஒப்படைப்பதற்கு அது நம்முடையதாக இருந்திருக்க வேண்டும். திரும்புவதற்கு அது முதலிலேயே அவர்களுடையதாக இருந்திருக்க வேண்டும்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜர் சிலையை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. 2014 செப்டம்பரில் அப்போதைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து பிரதமர் மோடியிடம் ஒப்படைத்தார். இப்படிப்பட்ட செய்திகளை ஆங்கிலத்தில் படிக்கும்போது இரண்டு கனமான சொற்கள் வரும். 'ரீபேட்ரியேட்' என்றால் சொந்த மண்ணுக்கு அனுப்புவது. 'ரெஸ்டிட்யூஷன்' என்றால் உரியவரிடம் சேர்ப்பது. இரண்டாவதில் எடுத்தது தவறு என்ற ஒப்புதலும் கலந்திருக்கிறது. ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலிலிருந்து லண்டனுக்குப் போன சிற்பங்கள் பற்றிய பேச்சில், அவற்றை வைத்திருக்கும் பிரிட்டிஷ் மியூசியம் பக்கத்திலிருந்து 'லோன்', அதாவது இரவல், என்ற சொல் வருகிறது. கிரீஸ் அதை ஏற்கவில்லை. சொந்தப் பொருளை இரவல் வாங்கினால் கொடுப்பவர்தான் உரிமையாளர் என்று ஒப்புக்கொண்டதாகுமே! பேச்சுவார்த்தை ஆண்டுக்கணக்கில் இழுப்பதற்கு அந்த ஒரு சொல்லும் காரணம்.

கடைசிப் படி: வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்

கீழே உள்ளவற்றை முதலில் நீங்களே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் பிறகு விடையைப் பாருங்கள். மனதுக்குள் சொன்னால் பயன் இல்லை, உதடு அசைய வேண்டும்.

"என் குடையை நாளைக்கு எடுத்துட்டு வர்றியா?" இது "குட் யூ பிரிங் மை அம்ப்ரெல்லா பேக் டுமாரோ?"

"ஆட்டோவுக்கு நான் குடுத்த 240 ரூபாயை ஆபீஸ் தரும்." இது "தி ஆபீஸ் வில் ரீஇம்பர்ஸ் மீ." இங்கே 'ரீஃபண்ட்' போட்டிருந்தால் மூன்றாம் படிக்குத் திரும்பப் போங்கள்.

"கத்தரிக்கோலை எடுத்த இடத்துல வை." இது "புட் தி சிசர்ஸ் பேக்."

"சாவியை ஓனர்கிட்ட குடுத்துட்டோம்." இது "வீ ஹேண்டட் தி கீஸ் பேக்." முறையான கடிதமானால் 'ரிட்டர்ன்ட்'.

"அவங்க நம்ம வீட்டு விசேஷத்துக்கு 2001 செஞ்சாங்க, நாம திருப்பிச் செய்யணும்." இதற்கு நீங்கள் "வீ ஷுட் ரெசிப்ரொகேட்" என்றால் சரி. ஆனால் கேட்பவருக்கு மொய் என்றால் என்னவென்றே தெரியாது. அந்த நோட்டையும் கடைசியில் வரும் ஒரு ரூபாயையும் பற்றி நாலு வாக்கியம் சொல்லிவிட்டு அந்தச் சொல்லுக்கு வாருங்கள்.